“ஹிட்டோ!”

நேற்று டோக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள சிபா காட்டுக்குள் முழுநாள் சபாகே, அதாவது பொம்மைத் துப்பாக்கியால் பிளாஸ்டிக் குண்டு சுட்டு ஆடும் போர் விளையாட்டு. உடம்பெல்லாம் வலி, மனசு நிறைய சந்தோஷம்.

என்னிடம் இருப்பது டோக்கியோ மருய் கம்பெனியின் எம்4 பொம்மைத் துப்பாக்கி. பார்க்க அசல் துப்பாக்கி மாதிரியே இருக்கும், அதனால் ரயிலில் பைக்குள் மூடித்தான் கொண்டுபோவேன். உள்ளே வெடிமருந்து கிடையாது. பேட்டரி, மோட்டார், மூன்று பல்சக்கரம், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். விசையை அழுத்தினால் சக்கரங்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விடும். அது பாய்ந்து தள்ளும் காற்றில் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு பறக்கும். இதே கம்பெனி 1991-இல் ஃபமாஸ் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கி வடிவில் கொண்டுவந்த வித்தை இது.

எனக்கு உயிர் ஹாப்-அப்தான். குழலுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு, குண்டின் உச்சியை உரசிப் பின்சுழற்சி கொடுக்கும். கொஞ்சம் அதிகமாகத் திருகினால் குண்டு போகப்போக மேலே எகிறும், குறைத்தால் சீக்கிரமே தொப்பென்று விழும். சரியாக அமைந்தால் நூல் பிடித்த மாதிரி போகும், கண்ணாலேயே பார்க்கலாம்! இதற்காகவே அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுவேன்.

இங்கே ஜப்பானில் சட்டப்படி குண்டின் ஆற்றலுக்கு வரம்பு உண்டு, சுமார் 0.98 ஜூல். களத்தில் இறங்கும் முன் அளந்து பார்ப்பார்கள். களத்தில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது.

அப்புறம், குண்டு பட்டால் பட்டவரே “ஹிட்டோ” (பட்டுவிட்டது) என்று கத்திச் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். நேற்று மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும். நான் சுட்டது பட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சட்டைக் கையை ஒருமுறை பார்த்தார். கையைத் தூக்கி “ஹிட்டோ!” என்றார். ஆட்டம் முடிந்ததும் அவரைத் தேடிப் போய்க் குனிந்து வணங்கினேன்.