மீட்டருக்குள்ள பனி

நவம்பர் 4
காலைல கார் மீட்டர் கண்ணாடி பூரா பனி. துடைச்சா போகல, உள்பக்கம். ஸ்பீடு முள்ளு மங்கலா தெரியுது, டெம்பரேச்சர் முள்ளு சுத்தமா தெரியல.

நவம்பர் 5
இன்னிக்கும்.

நவம்பர் 7
தூக்கம் வரல. அண்ணன் கூப்பிடறேன்னான், கூப்பிடல. அந்த டெம்பரேச்சர் முள்ளுதான் மண்டைக்குள்ள ஓடுது, அவ்வளவு தூரம் ராத்திரில ஓட்டும்போது ஹீட் ஏறினா எனக்கு எப்படி தெரியும். மெக்கானிக் "பழைய வண்டி சார், மழைக்கு அப்படித்தான்"ங்கறார். மழை வெளிலதானே பெய்யுது? மீட்டர் பெட்டி ஒண்ணும் காத்து புகாம அடைச்சது இல்ல, வண்டிக்குள்ள ஈரம் இருந்தா அங்கயும் போகும், ராத்திரி கண்ணாடி குளிர்ந்ததும் தண்ணியா படியும். அப்போ ஈரம் எங்கேந்து வருது. முன்னாடியெல்லாம் மீட்டருக்குள்ள இருந்த பல்போட சூட்டுலயே கொஞ்சம் காஞ்சிருக்கும், இப்போ எல்இடி, அந்த சூடும் இல்ல.

நவம்பர் 8
பக்கத்து சீட் கார்பெட்ட தூக்கினேன். மேல காஞ்சுதான் இருக்கு, அடியில ஸ்பாஞ்ச அமுக்கினா விரல் இடுக்குல தண்ணி வருது. மோந்து பார்த்தேன் (நாக்குல வைக்கல, இன்ஜின ஆத்தற கூலன்ட்டா இருந்தா விஷம்). டாஷ்போர்டுக்குள்ள கூலன்ட் ஓடற ஹீட்டர் கோர் ஒழுகினா இனிப்பு வாடை வரும், பிசுபிசுக்கும், முன் கண்ணாடில எண்ணெய்ப் படலம் மாதிரி படியும். அது எதுவும் இல்ல, வெறும் சேத்து வாடை. அப்பாடா.

நவம்பர் 9
அண்ணன் பேசினான். "இன்னும் ஒண்ணும் சொல்லலடா, ரெடியா மட்டும் இரு." எதுக்கு ரெடின்னு கேக்க வாய் வரல.

நவம்பர் 10
ஏசி தண்ணி வண்டிக்கு அடியில ஒழுங்கா சொட்டுது, அந்த டியூப் அடைக்கல. வைப்பருக்குக் கீழ இருக்கற பிளாஸ்டிக் மூடிய கழட்டினா, வடிகால் ஓட்டைல இலை மக்கி கரியா இறுகிக் கிடக்கு. குச்சி விட்டு நோண்டினதும் தேங்கின தண்ணி கொளகொளன்னு இறங்குச்சு. அதுதான் உள்ள கசிஞ்சு கார்பெட்டுக்கு வந்திருக்கு. இதத்தான் மழைன்னு சொல்லிட்டார் மனுஷன்! மீட்டர கழட்டி துடைச்சிடுங்கறாங்க எல்லாரும். கழட்ட மாட்டேன், முள்ளுல கை பட்டா அளவே மாறிடும், அப்புறம் அது காட்டறத எப்படி நம்பறது.

நவம்பர் 11
கார்பெட் வெளில காயுது. உள்காத்தையே சுத்தவிடற ரீசர்குலேஷன ஆஃப் பண்ணி, ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போட்டு வண்டியிலயே உக்காந்திருந்தேன். போன் மடியிலேயே இருந்துச்சு.

நவம்பர் 13
பனி ஓரத்துல மட்டும். முள்ளு நடுவுல நிக்குது, தெரியுது. டேங்க் ஃபுல் பண்ணிட்டேன்.

நவம்பர் 14
விடியக்காலம் 3 மணிக்கு போன். கிளம்பறேன். கார்பெட் இன்னும் காயல, வெறும் தகரத்துல கால் வெச்சுதான்