பி.ஆர். எண் வரும் வரை

2025 ஜூன் 12, வியாழன்

பாஸ். வரித் தேர்வு முடிவு மாலை நாலு மணிக்கு மின்னஞ்சலில் வந்தது. திறக்கப் பயந்து, முதலில் ஒரு வாடிக்கையாளரின் பெட்ரோல் ரசீதுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி முடித்தேன். அப்புறம்தான் திறந்தேன்.

முதலாளி அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது "வா", "போ", "சாப்டியா" மூன்றும்தான். மூன்றையும் சொல்லிக் கை குலுக்கினார். "இனி உன் பேரிலேயே போடலாம்" என்றதை மட்டும் இங்கிலீஷில் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு பாடும். ஐந்து வருடமாக இந்த அலுவலகத்தில் மற்றவர்களின் வருமான வரி ரிட்டர்ன் போடுகிறேன். பதிவு பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்தால் எனக்குத் தனிப் பதிவு வேண்டாம், சட்டம் அப்படி. அதனால் எல்லாமே அண்ணாவின் எண்ணில் போகும். நான் கூட்டிக் கழித்த எதிலும் என் பெயர் இருக்காது.

இரவு ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன். பிரவுன் பிரெட்டுக்கு வாட் கிடையாது, வெள்ளை பிரெட்டுக்கு 15 சதவீதம். படித்துப் படித்து, பில்லைப் பார்க்காமல் பையில் போட முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தேர்வு முடிந்ததும் லைசன்ஸ் கையில் வந்துவிடும் என்று ஊரில் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று வரை நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

நாம்தான் லைசன்ஸ் என்கிறோம், சட்டத்தில் அதற்குப் பெயர் பதிவு. 2011ஆம் வருட வரி நிர்வாகச் சட்டம், பிரிவு 240. காசு வாங்கிக்கொண்டு வரி ஆலோசனை சொல்கிறவர், ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவர் எல்லாரும் முதலில் சார்ஸ், அதாவது இந்த நாட்டு வரித்துறை, அங்கீகரித்த தொழில் அமைப்பு ஒன்றில் சேர வேண்டும், அப்புறம் சார்ஸிடம் பதிய வேண்டும். பதிந்தால் கிடைப்பதுதான் பி.ஆர். எண். 2013 ஜூலையிலிருந்து இதுதான் நடைமுறை. அதற்கு முன் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாமாம். அண்ணா அந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்.

காசு வாங்காமல் செய்தால் இது எதுவும் தேவையில்லை. தெருவில் உள்ள ஆயாக்களுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக் கொடுப்பதெல்லாம் அந்தக் கணக்கு. பதிலுக்கு வடை வரும். வடை கட்டணம் ஆகுமா என்று வகுப்பில் ஒரு தடவை கேட்டேன். ஆசிரியர் சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

தொழில் அமைப்பு கேட்டிருக்கும் காகிதங்கள்: திருச்சி பி.காமுக்கு, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் சாக்வாவின் சான்று (இங்கே வந்த வருடமே வாங்கியது, இருக்கிறது), மேற்பார்வையில் வேலை செய்ததற்கு அண்ணாவின் கடிதம், அடையாள அட்டையின் சான்றொப்பமிட்ட நகல், போலீஸ் சான்றிதழ், என் சொந்த வரிக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு சார்ஸ் தரும் பின் எண். கடைசியாகச் சொன்னது அஞ்சு நிமிட வேலை. போலீஸ்தான் இழுக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

காவல் நிலையம். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பையன் துபாய் வேலைக்காகக் கைரேகை கொடுக்க வந்தவன், அவனுக்கு முன்னால் நின்றவருக்குக் கார் திருட்டு போய்விட்டது. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே ஜன்னல்.

கைரேகையை இன்னும் கறுப்பு மையில்தான் எடுக்கிறார்கள். உருளையால் மையைத் தகட்டில் தேய்த்து, விரலை ஒரு நகத்து ஓரத்திலிருந்து அடுத்த ஓரம் வரை உருட்ட வேண்டும். நான் உதவி செய்கிற நினைப்பில் அழுத்தினேன், கட்டை விரல் தீற்றிவிட்டது. "ஆன்ட்டி, கையை எங்கிட்ட விட்டுடுங்க, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள் அந்த ஜூலு கான்ஸ்டபிள் பெண், இங்கிலீஷில். இரண்டாவது தாளில் கையை அவளிடம் விட்டுவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரலும் சுத்தமாக விழுந்தன.

தாள் பிரிட்டோரியா போகும். வீட்டுக்கு வந்து புளி வைத்துத் தேய்த்தும் நகக்கண்ணில் மை போகவில்லை. அந்தக் கையோடுதான் தோசை.

ஜூலை 2, புதன்

சிவப்பு.

அந்த அஞ்சு நிமிட வேலையை முடித்துவிடலாம் என்று மதியம் சார்ஸ் இணையதளத்தில் என் இ-ஃபைலிங் கணக்கைத் திறந்தேன். இணக்க விவரப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். பதிவு: பச்சை. கடன்: பச்சை. ரிட்டர்ன் தாக்கல்: சிவப்பு. 2021ஆம் வரி வருடத்துக்கான ரிட்டர்ன் நிலுவை.

வேறு யாருடைய கணக்கிலோ நுழைந்துவிட்டேனோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான்.

2021 என்றால் 2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரை. மார்ச் மாதம் துணிக்கடையில் கணக்கெழுதினேன். 27ஆம் தேதி லாக்டவுன் வந்தது, மாதக் கடைசியில் வேலை போனது. ஏப்ரலும் மே மாதமும் வீட்டில். ஜூனில் இந்த அலுவலகம். ஆக அந்த வருடம் எனக்கு இரண்டு முதலாளிகள். ஐந்து லட்சம் ரேண்டுக்குள் சம்பளம் இருந்தால் ரிட்டர்ன் போட வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்போது விட்டுவிட்டேன். அந்தச் சலுகை ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கியவர்களுக்குத்தான். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! சார்ஸ் அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாம் துணிக்கடை கொடுத்த பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. முந்தைய 12 மாதங்களில் மொத்தம் ஆறு மாதம் வரி ஒழுங்கில்லாமல் இருந்தவர், அறிவிப்பு வந்தும் அதைச் சரி செய்யவில்லை என்றால் பதிவு கிடையாது. அதே பிரிவு 240தான். எனக்கு ஆறு என்ன, பன்னிரண்டும் சிவப்பு. தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

அண்ணாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலையில் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "இன்னைக்கே போடு" என்றார்.

2021ஆம் வருட ஃபாரத்தைத் திறந்தால் முதலாளிகள் அனுப்பும் சம்பள வரிச் சான்று, இரண்டு ஐஆர்பி5-உம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுக் கிடந்தன. 3601 குறியீட்டுக்கு எதிரே சம்பளம், 4102க்கு எதிரே பிடித்த வரி. துணிக்கடை அனுப்பியது ஒன்று, அண்ணா அனுப்பியது ஒன்று. அண்ணா அனுப்பியதைத் தயாரித்ததே நான்தான்.

கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது. மாதம் 11,000 ரேண்ட், இரண்டு இடத்திலும் அதேதான். பத்து மாதத்துக்கு 1,10,000. அதில் 18 சதவீதம் 19,800. அந்த வருடத் தள்ளுபடி 14,958. கட்ட வேண்டியது 4,842. ஆனால் முதலாளிகள் பன்னிரண்டு மாதமும் நான் சம்பாதிப்பேன் என்று எடுத்துக்கொண்டு பிடிப்பார்கள், அதுதான் முறை. மாதம் 733.50 வீதம் பத்து மாதத்தில் 7,335 பிடித்திருக்கிறார்கள்.

சார்ஸ் எனக்குத் தர வேண்டியது 2,493 ரேண்ட். நாலு வருடமாக நான் பயந்து ஒளிந்திருந்தாலாவது அர்த்தம் இருக்கும். எனக்கு வர வேண்டிய காசை நானே கேட்காமல் இருந்திருக்கிறேன்.

அபராதம் தனிக் கதை. தாமதத்துக்கு மாதம் 250லிருந்து 16,000 வரை, வருமானத்தைப் பொறுத்து. இதுவரை அபராதச் சீட்டு எதுவும் என் கணக்கில் ஏறவில்லை. வந்தால் 'நியாயமான காரணம்' காட்டிக் குறைக்கச் சொல்லலாம். வரித் தேர்வில் பாஸான பெண்ணுக்கு என்ன நியாயமான காரணம் இருக்க முடியும்? வந்தால் கட்டிவிடுவேன்.

ஜூலை 8, செவ்வாய்

நேற்றிலிருந்து ஆட்டோ அசெஸ்மென்ட் தொடங்கிவிட்டது. சார்ஸே கணக்கைப் போட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பும், சரியென்றால் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி முழுக்க இன்று இதே பேச்சு. எங்கள் பக்கத்து வீட்டு ஆயா ஃபோனை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார், வெளியே தெரிந்தால் பறித்துக்கொள்வார்கள் என்று.

ஆயாவுக்கு 78 வயது. தாத்தாவின் ஓய்வூதியம் மாதம் 9,500 வருகிறது. சார்ஸ் கணக்கில் அது மட்டும்தான் இருந்தது. பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு மாதம் 4,500 வாங்குகிறாரே, அது இல்லை. சேர்த்து ரிட்டர்ன் போட வேண்டும் ஆயா என்றேன். முகம் மாறிவிட்டது.

"அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு கண்ணு?" என்று ஃபோனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 14, திங்கள்

பச்சை. மூன்று கட்டமும் பச்சை. படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆடிக் கூழ். இங்கே போரிட்ஜ் ப்ரேயர் என்பார்கள். ஊரில் கேழ்வரகு, இங்கே மக்காச்சோள மாவு, மாரியம்மன் ஒருத்திதான். கோயில் பின்னால் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தபோது ஆயா தானாகவே வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்க தாத்தா மூணு பவுன் கட்டினாரு, தெரியுமா? தலைக்கு மூணு பவுன். இந்த நாட்டுல இருக்கிறதுக்கே வரி. எங்க பாட்டி அவ தலைக்குத் தனியா. அவ்ளோ கட்டியாச்சு நாங்க."

தெரியும். 1895ஆம் வருட நேட்டால் சட்டம், டர்பன் அப்போது அந்தக் காலனியில்தான். அதற்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இல்லையென்றால் கப்பலேற வேண்டும், இரண்டும் வேண்டாம் என்றால் வருடம் மூன்று பவுன் வரி. நகைப் பவுன் இல்லை, இங்கிலீஷ் பவுண்டு. 1903இல் பிள்ளைகளையும் சேர்த்தார்கள்: பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13. ஒப்பந்தக் கூலியோ முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், ஆறு மாதக் கூலி. இன்று இந்த நாட்டின் மிக உயர்ந்த வரி விகிதம் 45 சதவீதம், அதுவும் 18 லட்சம் ரேண்டுக்கு மேல் சம்பாதிக்கும் பகுதிக்கு மட்டும். கரும்பு வெட்டினவரிடம் ஐம்பது கேட்டிருக்கிறார்கள். 1913இல் வேலை நிறுத்தம், தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய் வந்து பதினாறு வயதில் செத்தாள், 1914இல் வரியை எடுத்தார்கள்.

இதை எல்லாம் ஆயாவுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "வாடகை ரசீது, முனிசிபாலிட்டி பில், கூரை ரிப்பேர் பில், எல்லாம் எடுத்து வைங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம், போடுறதுக்கு நான் காசு வாங்கலையே" என்றேன்.

"சும்மா செய்யாதே. உனக்கு லைசன்ஸ் வரட்டும். காசு கொடுத்துத்தான் செய்வேன்."

இது எனக்குத் தோன்றவேயில்லை. ஐந்து வருடமாக வடை கொடுத்தது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

போலீஸ் சான்றிதழ் வந்தது. என் மீது குற்றம் எதுவும் பதிவாகவில்லை. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் முத்திரையோடு பார்க்கச் சந்தோஷம். எல்லாவற்றையும் ஏற்றி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

பாரம்பரிய தினம், விடுமுறை. தெரு முழுக்க பிராய் புகை, கறியைத் தணலில் சுடுகிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, புதிதாகப் பதிகிறவர்களுக்கு சார்ஸ் வைத்திருக்கும் ஆயத்தப் பயிற்சியை முடித்தேன். தொழில் அமைப்பிலிருந்து போன வாரமே உறுப்பினர் கடிதம் வந்துவிட்டது. 2021 பற்றி விளக்கம் கேட்டார்கள். மறைக்காமல் ஒரு பக்கம் எழுதினேன். மறு கேள்வி வரவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பி.ஆர். எண் வந்தது. ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். "இது என்ன நம்பர்?" என்று கேட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ரிட்டர்ன் போடக் கடைசி நாளும் இன்றுதான். இங்கே தீபாவளிக்கு அரசு விடுமுறை கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு ஆறரை மணிக்கு ஆயா வீட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தேன். ஒரு பக்கம் அதிரசத் தட்டு, ஒரு பக்கம் பிஸ்கட் டப்பா நிறைய பில்.

ஓய்வூதியம் 1,14,000. வாடகை 54,000. மொத்தம் 1,68,000. எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு வரி இல்லாத வரம்பு 1,65,689. ஆயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முனிசிபாலிட்டி வரியில் அறைகளின் பங்கு, கூரை ரிப்பேர், குழாய்க்காரன், எல்லாம் சேர்த்து 14,600 கழித்தேன். 1,53,400.

"வரி இல்ல ஆயா. பூஜ்யம்."

"பூஜ்யத்துக்கா மூணு மாசம் பயந்தேன்?"

தயாரித்தவர் என்ற இடத்தில் என் எண் தானாகவே ஏறி நின்றது. இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன். ஆயா உள்ளே போய் ஒரு கவர் கொண்டுவந்தார். 201 ரேண்ட். மொய்க்கு வைப்பது போல அந்த ஒரு ரேண்ட் நாணயத்தையும் மறக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தில் 001 என்று எழுதிக் கொடுத்தேன், அதை பிஸ்கட் டப்பாவிலேயே போட்டுக்கொண்டார்.

எட்டரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டும், இன்று கூட்டம் தாங்காது. பஸ்ஸில்தான் உறைத்தது: சம்பளம் போக இது சொந்தத் தொழில் வருமானம். இந்த 201 ரேண்டால் நானும் இனி புரொவிஷனல் வரி, அதாவது வருமானத்தை முன்கூட்டியே மதிப்பிட்டுக் கட்டும் வரி, கட்டுகிறவர்களில் ஒருத்தி. பிப்ரவரி 28 சனிக்கிழமை, அதனால் 27க்குள் அதற்கான ஐஆர்பி6 ஃபாரம் போட வேண்டும். ஃபோனில் மூன்று நினைவூட்டல் வைத்திருக்கிறேன். மின்னஞ்சல் முகவரியை போன ஜூலையிலேயே மாற்றிவிட்டேன்.