வெளுத்துப்போன பற்றுச்சீட்டும் கொதிக்கும் மடிக்கணினியும்

திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் யன்னல் கம்பியைத் தொட்டாலே கை சுடும் என்பதால், என் மடிக்கணினியின் அடிப்பாகம் கொதித்ததை முதல் இரண்டு கிழமைகள் நான் பொருட்படுத்தவில்லை. வீட்டு வரைபடம் கீறிக் கொடுப்பது என் தொழில். வரைபடத்தை முப்பரிமாணப் படமாக மாற்றும்போது காற்றாடி இரைவது வழமைதான். ஆனால் ஓர் இரவு, உவர்மலையில் வீடு கட்டவிருந்த ஒருவருக்காக மூன்று மணித்தியாலமாக ஓடிக்கொண்டிருந்த படம் முடியும் தறுவாயில், எந்த அறிவித்தலும் இல்லாமல் திரை கறுத்து இயந்திரம் அணைந்துவிட்டது. “கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு, எட்டாவது எங்கட மேசையில” என்று மனைவி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நகரில் உள்ள ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். நான் செய்த முதற் பிழை அதுதான். அங்கிருந்த பையன் இயந்திரத்தை ஒரு நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, வைரஸ் ஏறியிருக்கு, போமட் அடிச்சாச் சரி” என்றார், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவது. சூட்டுக்கும் வைரசுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கவேண்டிய இடத்தில் நான் கேட்கவில்லை. இரவு வைத்துவிட்டுப் போகச் சொன்னதற்கும் தலையாட்டினேன். அடுத்த நாள் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, “உள்ளுக்கும் தூசி ஊதியாச்சு” என்று கூறிக் கையில் தந்தார்கள். கணினித் திரையின் மேசைத்தளத்தில் (டெஸ்க்ரொப்) சேமித்திருந்த இரண்டு வரைபடங்கள் அழிந்துபோயிருந்தன. சூடோ முன்னரைவிடக் கூடியிருந்தது. முன்பு மூன்று மணித்தியாலம் ஓடி அணைந்த இயந்திரம் இப்போது பத்து நிமிடத்தில் அணைந்தது.

கடைக்குப் போகுமுன் செய்திருக்க வேண்டியதை அதன் பிறகே செய்தேன். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, வேலை ஓடும்போது கணினியின் மூளையான புரொசசரின் வெப்பநிலையைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 71 பாகை. படம் ஓடத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் 100. இன்டெல் மடிக்கணினிப் புரொசசர்கள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியஸ்தான் எல்லை. அதைத் தொட்டவுடன் அவை தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் இயந்திரம் தானாகவே அணையும். வேகம் விழுந்ததையும் வெப்பநிலை ஏறியதையும் திரையோடு படம்பிடித்து வைத்தேன். இடைக்கால நிவாரணமாக, விண்டோசின் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில் புரொசசரின் உச்ச அளவை 100 வீதத்திலிருந்து 99 ஆகக் குறைத்தேன். அந்த ஒரு வீதத்தால் டேர்போ எனப்படும் கூடுதல் வேகம் நின்றுவிட, அணைந்து போவது நின்றது, ஆனால் படம் ஆமை வேகத்தில் ஓடியது. குளிர்சாதனப் பெட்டிக்குள் சிறிது நேரம் வைக்குமாறு அறிவுரை சொன்ன உறவினர் ஒருவரும் இருந்தார். அப்படிச் செய்தால் எங்கள் ஊரின் ஈரக் காற்று கணினிக்குள் குளிர்ந்திருக்கும் மின்சுற்றுப் பலகையில் நீராகப் படிந்து உள்ளதையும் கெடுத்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டு வருட உத்தரவாதத்தில் நான்கு மாதங்கள் மீதமிருந்தன. சேவை நிலையம் கொழும்பில் இருந்தது. முதலில் வாங்கிய புகையிரதச் சீட்டு பூரணை விடுமுறையில் போய் இறங்கும்படி அமைந்துவிட்டதால் அதை மாற்றி, இரவுப் புகையிரதத்தில் புறப்பட்டு, விடியுமுன்னே கோட்டையில் இறங்கி, ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்வரை காத்திருந்தேன்.

கருமபீடத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பற்றுச்சீட்டைக் கேட்டார். கணினிப் பையின் முன்பக்கத்தில், பிளாஸ்ரிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இதில ஒன்றுமே இல்லையே, ஐயா” என்றார். உண்மையில் ஒன்றும் இல்லை. கடையின் பெயர் இருந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் நிழல், தொகை இருந்த இடத்தில் ஒரு கோடு. அந்த வகைச் சீட்டுகளில் மை கிடையாது; தாளின் மேற்பூச்சுத்தான் அச்சியந்திரத்தின் சூட்டில் கறுத்து எழுத்தாகிறது. நாட்பட்ட வெப்பமும் வெளிச்சமும் பிளாஸ்ரிக் உறையின் தொடுகையும் அதை வெளுக்கச் செய்துவிடும். பத்திரம் என்று எண்ணி நான் செய்த ஒவ்வொன்றும் அதை அழித்திருக்கிறது. வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தால் போதும்.

இயந்திரத்தின் தொடரிலக்கத்தை வைத்து விற்பனைத் திகதியைக் கண்டுபிடிக்கலாமே என்று வாதாடினேன். அவரும் இணங்கி, இலக்கத்தைப் பார்ப்பதற்காகக் கணினியைக் கவிழ்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல், பின்மூடியின் நடு ஸ்குரூவின் மேல் இருந்த சிறு வெள்ளை ஸ்ரிக்கரை நகத்தால் சுட்டிக் காட்டினார். அது குறுக்காகக் கிழிந்திருந்தது. வெளியே திறக்கப்பட்ட இயந்திரத்துக்கு உத்தரவாதம் செல்லாது. சீட்டு தெளிவாக இருந்திருந்தாலும் கதை அங்கேதான் முடிந்திருக்கும். புறக்கோட்டையில் பஸ் ஏறித் தம்புள்ளை, ஹபறணை தாண்டி வீடு வந்து சேரும்வரை, திருகோணமலைக் கடையில் தலையாட்டிய அந்தக் கணம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டிருந்தால், சீட்டையும் ஸ்ரிக்கரையும் பற்றி இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கடைசியில் உதவியவர், கைப்பேசி திருத்தும் ஒரு சின்னக் கடையில் ஒற்றை மேசை போட்டு இருக்கும் தம்பி ஒருவர். “முன்னால நின்று பார்க்கலாமா?” என்று கேட்டபோது அவர் கதிரையையே இழுத்துப் போட்டார். முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். பற்றரி உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். உப்பிய பற்றரி தள்ளித் தொடுதட்டு மேலெழும்பியிருந்தால் சூட்டை விட்டுவிட்டு முதலில் பற்றரியைத்தான் கவனிக்க வேண்டும் என்றார். பிறகு புரொசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும், செப்புக் குழாயோடு சேர்ந்த ஹீற் சிங்கைச் சுட்டி, “அண்ணா, எண்ணிப் பாருங்கோ” என்றார். 1, 2, 3, 4 என்று பக்கத்திலேயே இலக்கம் பொறித்திருந்த நான்கு துளைகளில் மூன்றில் மட்டுமே ஸ்குரூ இருந்தது. ஒரு மூலை அழுத்தமில்லாமல் கிளம்பி நின்றதால் செப்புத் தகடு புரொசசரின் மேல் சாய்வாக அமர்ந்திருந்தது. முன்னரைவிடச் சூடு கூடியதன் இரகசியம் அதுதான்.

காற்றாடியைத் தனியாகக் கழற்றியபோது மீதிக் கதையும் தெரிந்தது. காற்றாடிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில், கம்பளித் துண்டு போலத் திரண்ட தூசி ஒன்று காற்று வெளியேறும் வாயிலை முழுதாக அடைத்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுக்க ஒரே துண்டாக வந்தது. வெளியிலிருந்து ஊதினால் இது போகாது. இன்னும் இறுகத்தான் செய்யும். என் மேசை கடற்பக்க யன்னலை ஒட்டி இருப்பதை அறிந்ததும் அவர் தலையை ஆட்டினார்: உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத் தூசி ஒட்டிக்கொள்ளும். புரொசசரிலிருந்து செப்புத் தகட்டுக்குச் சூட்டைக் கடத்தும் பசையான பழைய தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போலச் செதில் செதிலாக உதிர்ந்தது. அதைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, அரிசிமணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, பழைய மதர்போட் ஒன்றிலிருந்து பொருத்தமான ஸ்குரூவை எடுத்து, இலக்க வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஊதுகருவி பிடித்தபோது காற்றாடியின் இதழை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டார். அதை விட்டுவிட்டால் தாங்க முடியாத வேகத்தில் சுழன்று பழுதாகும் என்பதால் வீட்டில் செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்குமாக 2,500 ரூபாய்.

அன்றிரவு டேர்போவை மீண்டும் திறந்துவிட்டு அதே படத்தை ஓடவிட்டேன். 79, 81, 82. அங்கேயே நின்றது. படம் முடியும்வரை நான் எழுந்து போகவில்லை. இப்போது மேசையை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, கணினியின் பின்பகுதியை இரண்டு மரத்துண்டுகளில் உயர்த்தி வைத்திருக்கிறேன். பணம் கொடுத்து வாங்கிய கூலிங் பாட்டைவிட அந்த மரத்துண்டுகளே எனக்கு உதவுகின்றன.

ஒரு வாரம் கழித்து முதற் கடைக்குப் போய், விடுபட்ட ஸ்குரூவைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “மூண்டு ஸ்குரூ காணும் தம்பி, எல்லாரும் அப்பிடித்தான் பூட்டுறது” என்றார்.