பைரவி நேராகத் தெரிய: பழைய கிளிப் பிளஸ்ஸுக்கு ராக்பாக்ஸ் பில்ட் செய்த அனுபவம்

சான்டிஸ்க் கிளிப் பிளஸ், ஐபாட் கிளாசிக் மாதிரி பழைய பிளேயர்களில் ராக்பாக்ஸ் போட்டு இன்னும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராக்பாக்ஸ் என்பது பிளேயரோடு வந்த மென்பொருளுக்குப் பதிலாக நாம் ஏற்றிக்கொள்ளும் திறமூல மென்பொருள். அதை எப்படி நிறுவுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது, அதன் பழைய கிளையை (பழைய பதிப்பின் மூல நிரலை) இன்றைய லினக்ஸில் மறுபடி பில்ட் செய்ய, அதாவது ஓடும் மென்பொருளாக மாற்றப் போய்ப் பட்ட பாடு, நடுவில் ஒரு பேட்டரிக்காக அலைந்தது, அப்புறம் தமிழ் எழுத்தை அந்தக் குட்டித் திரையில் ஒழுங்காக வரவழைத்தது.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்கலாம். பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் சித்தப்பாவிடம் பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய நாகஸ்வரக் கச்சேரிகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் ராகத்தின் பெயரைத் தமிழிலேயே வைத்திருக்கிறார். போனில் விரல் வைத்தால் எங்கேயோ போய்விடுகிறது, பட்டன் இருந்தால்தான் அவருக்குக் கைவரும். பாதியில் நிறுத்திய கச்சேரி விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். இதையெல்லாம் ராக்பாக்ஸ் அருமையாகச் செய்கிறது. தமிழ்ப் பெயர்களை மட்டும் குதறிவிடும். ‘பைரவி’ என்பதில் ப முதலில் வந்து, ஐகாரக் கொம்பு அதற்குப் பின்னால் நிற்கும். ‘கேதாரகௌளை’ என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு நான் சில வருஷங்களுக்கு முன்பே ஒரு பேட்ச் (மூல நிரலில் போடும் திருத்தம்) எழுதியிருந்தேன், 2019ல் வந்த 3.15 பதிப்பின் மேல். பேட்ச் கிட் (git) களஞ்சியத்தில் பத்திரமாக இருந்தது. அதை பில்ட் செய்த பழைய லேப்டாப்தான் போய்விட்டது. 2025ல் 4.0 வந்துவிட்டது, பேட்சை அதற்கு மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் பழைய பில்டை ஒருமுறை ஓடவைத்துப் பார்க்காவிட்டால், பின்னால் எது உடைந்தாலும் பேட்சின் கோளாறா பதிப்பின் கோளாறா என்று தெரியாது. சரி, டூல்செயினை, அதாவது பில்ட் செய்யத் தேவையான கம்பைலர் முதலான கருவிகளை மட்டும் மறுபடி கட்டினால் போதும், ஒரு சாயங்கால வேலை என்றுதான் உட்கார்ந்தேன்.

அங்கேதான் சிக்கல். 3.15ல் ஏஆர்எம் சிப் உள்ள பிளேயர்களுக்கான கிராஸ் கம்பைலர் (கணினியில் ஓடி, பிளேயருக்கான நிரலை உருவாக்குவது) ஜிசிசி 4.4.4. அது 2010ல் வந்தது. டூல்ஸ் அடைவில் இருக்கும் ஸ்கிரிப்ட் அதன் மூல நிரலை இறக்கி, ராக்பாக்ஸின் திருத்தங்களைப் போட்டு, நம் கணினியில் இருக்கும் ஜிசிசியை வைத்தே கட்டும். அதாவது இன்றைய கம்பைலர், 2010ன் கம்பைலரைக் கட்ட வேண்டும். ஜிசிசி 10 வந்தபோது, ஒரே பெயரில் பல கோப்புகளில் அறிவித்த குளோபல் மாறிகளைச் சத்தமில்லாமல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய நிரல்கள் அந்த வழக்கத்தை நம்பி எழுதப்பட்டவை. விளைவு, வெகு நேரம் ஓடிவிட்டுக் கடைசியில், துண்டுகளை இணைக்கும் லிங்கர் ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்று வரிவரியாகக் கக்கிவிட்டு நின்றுவிடும். தொடக்கத்திலேயே நின்றால்கூடப் பரவாயில்லை. மின்விசிறி அலறி, மடியில் வைக்க முடியாத அளவுக்கு லேப்டாப் சூடாகி, அப்புறம் நிற்கும்.

இதற்குத் தீர்வு ஒற்றைச் சொல்தான். ஸ்கிரிப்ட்டில் கம்பைலருக்கான கொடிகள் (கூடுதல் கட்டளைகள்) வரும் வரியில் ‘எஃப்காமன்’ (-fcommon) என்ற கொடியைச் சேர்த்தால் பழைய வழக்கம் திரும்பி வந்துவிடும். புதிய பதிப்புகளில் ஸ்கிரிப்ட்டும் கம்பைலரும் புதுப்பிக்கப்பட்டுவிட்டதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. பழைய கிளையில் தங்கியிருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் கொடி ஒன்றைச் சேர்த்ததோடு நான் நிற்கவில்லை, நீங்களும் நிற்காதீர்கள். இன்றைக்கு ஜிசிசி 10 செய்ததை நாளைக்கு இன்னொரு பதிப்பு வேறு விதமாகச் செய்யும். டெபியன் 10 என்ற பழைய லினக்ஸின் படிமத்தை டாக்கரில் (கணினிக்குள் தனிச் சூழலை ஓட்டும் கருவி) எடுத்து, அதற்குள்ளேயே டூல்செயினைக் கட்டி, அப்படியே உறையவைத்துவிட்டேன். அதில் ஜிசிசி 8.3 இருப்பதால் எந்தக் கொடியும் தேவைப்படவில்லை. ஒரு விஷயம்: டெபியன் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் வழக்கமான முகவரியில் பொதிகள் கிடைக்காது, பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் டெபியன் காப்பகத்தின் முகவரியைப் போட வேண்டும். முடிந்ததும் படிமத்தைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, இறக்கிய மூல நிரல் பொதிகளோடு சேர்த்து ஒரு வெளி வட்டில் போட்டு வையுங்கள். பேட்ச் மட்டும் இருந்து கம்பைலர் இல்லாவிட்டால் என்ன கதி என்று நான் அனுபவித்துவிட்டேன். இத்தனை வருஷம் வேலை செய்யும் பிளேயர்கள் பெட்டிக்குள் முடங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காரணங்களால்தான். நிரல் அப்படியே இருக்கும், அதைச் சுற்றி இருப்பதெல்லாம் நகர்ந்துபோயிருக்கும்.

பில்ட் வந்ததும் பிளேயரில் ஏற்றுவது ஒரு நிமிஷ வேலை. பூட்லோடர் (பிளேயரைப் போட்டதும் ராக்பாக்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) ஏற்கெனவே உள்ள பிளேயர் என்றால் ஜிப்பைப் பிரித்துப் போட்டால் தீர்ந்தது. சிக்பேட் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய இன்னொரு கிளிப் பிளஸ்ஸுக்குத்தான் எல்லாமே முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ராக்பாக்ஸின் பூட்லோடரை சான்டிஸ்க்கின் சொந்த ஃபர்ம்வேர் கோப்புக்குள் செருகித்தான் ஏற்ற முடியும். அந்த மூலக் கோப்பு நம்மிடம் இல்லாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். செருகும் கருவி, கோப்பின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) தனக்குத் தெரிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். அதனால் யாரோ எங்கோ மாற்றிவைத்த கோப்பை நம்பி ஏற்றிவிடும் ஆபத்து குறைவு. உங்களிடம் மூலக் கோப்பு இருந்தால் இன்றே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். யுஎஸ்பி முறையை எம்டிபியிலிருந்து, பிளேயரை வெறும் வட்டாகக் காட்டும் எம்எஸ்சிக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

சந்தையில் வாங்கிய அந்தப் பிளேயரில் பேட்டரி கொஞ்சம் உப்பியிருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரியை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். கழற்றிவிட்டுப் புதிதுக்கு வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ஆர்டர் போட்டேன். பேட்டரி பெங்களூரு வரை வந்துசேர்ந்தது. அப்புறம் கூரியர் நிறுவனத்திலிருந்து செய்தி: கேஒய்சி வேண்டும். கொடுத்தேன். லித்தியம் என்பதால் பாதுகாப்புத் தரவுத் தாள் வேண்டும். விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் சத்தமே இல்லை. வாயு வஜ்ரா பேருந்து பிடித்து விமான நிலையம் தாண்டி அவர்கள் கிடங்குக்கே போனேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “தாள்ல மாடல் நம்பர் வேற இருக்கு சார், பாக்கெட் மேல வேற இருக்கு” என்றார். அது ஒரே வகை செல், அளவுதான் வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நாளெ பன்னி, மேனேஜர் இர்த்தாரெ” (நாளைக்கு வாங்க, மேனேஜர் இருப்பார்) என்று கன்னடத்துக்கு மாறிவிட்டார். அந்த மேனேஜரை நான் கடைசிவரை பார்க்கவில்லை. பாக்கெட் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விட்டது என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது, கூடவே கிடங்கு வாடகைக்கு ஒரு பில்லும். அந்தப் பில்லை இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே என் அனுபவத்தில், தனி பேட்டரியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். பெங்களூரு எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே கிடைக்கிறது. கடையில் போய் ‘கிளிப் பிளஸ் பேட்டரி’ என்று கேட்டால் கையை விரிப்பார்கள். அளவைச் சொல்லிக் கேளுங்கள். தட்டையான லித்தியம் பாலிமர் செல்களின் மேல் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தடிமன், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக. அடுத்த இரண்டு அகலம், கடைசி இரண்டு நீளம். 402530 என்றால் 4 மில்லிமீட்டர் தடிமன், 25 அகலம், 30 நீளம். பிளேயரைத் திறந்து உள்ளே எவ்வளவு இடம் என்று அளந்துகொண்டு, தடிமனில் கொஞ்சம் குறைவாகவே வாங்குங்கள். பாதுகாப்புச் சுற்று வைத்த செல்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே அச்சடித்த கொள்ளளவை நம்பாதீர்கள். ராக்பாக்ஸில் பேட்டரி பெஞ்ச் என்று ஒரு பிளகின் இருக்கிறது. முழு சார்ஜ் போட்டு, அதை ஓடவிட்டு, பாட்டைத் தொடர்ந்து பாடவைத்தால், பேட்டரி தீர்கிறவரை மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டே போகும். இரண்டு கடையில் ஒரே எண் போட்ட செல் வாங்கிப் பார்த்ததில் ஒன்று மற்றதில் பாதி நேரம்கூட நிற்கவில்லை. எழுத்தில் இருந்த அந்த ஆதாரத்தைக் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

மெமரி கார்டுக்கும் இதே எச்சரிக்கை. வாங்கியதும் எஃப்3 கருவியால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் கோப்பு முறையில் வரும், ராக்பாக்ஸுக்கு ஃபேட்32 தான் வேண்டும்.

இனி தமிழ். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கிளிப் பிளஸ்ஸின் திரை 128க்கு 64 புள்ளி. மேலே 16 வரிசை மஞ்சள், கீழே 48 வரிசை நீலம். எழுத்தை 16 புள்ளி உயரத்தில் அடக்கினால் மஞ்சளில் ஒரு வரி, நீலத்தில் மூன்று வரி, கச்சிதமாக நிற்கும். ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘பை’ என்பது முதலில் ப, பிறகு ஐகாரம் என்றுதான் சேமிக்கப்படுகிறது. அதை இடம் மாற்றிக் காட்டுவது திரையில் வரையும் மென்பொருளின் வேலை. ராக்பாக்ஸில் எபிரேயத்தையும் அரபியையும் வலமிருந்து இடமாகத் திருப்புவதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. எழுத்தை வரையும்போதும் சரி, வரியின் அகலத்தை அளக்கும்போதும் சரி, அதைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆகவே நம் வேலையை அதற்குள் செய்துவிட்டால் இரண்டு இடத்திலும் சரியாகிவிடும். எ, ஏ, ஐ கொம்புகளை மெய்க்கு முன்னால் தள்ள வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரத்தை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். பிரிக்கும்போது ஒரு எழுத்து கூடுகிறது, பஃபர் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உகர ஊகாரம்தான் கஷ்டம். கு, டு, று, ணு என்று ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு. 18 மெய்க்கு 36 உரு. டி, டீ இரண்டும் தனி உரு. புள்ளி வைத்த மெய் 18. மொத்தம் 56 உருக்களைத் தயாராக வரைந்து எங்காவது வைக்க வேண்டும். ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் 72 தான் நிரம்பியிருக்கின்றன. மீதி சரியாக 56. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஜ், ஷ், ஸ், ஹ் நான்கையும் நாள், மாதம், வருடம், பற்று ஆகியவற்றுக்கான குறிகளின் இடத்தில் வைத்தேன். பாட்டுப் பெயரில் அந்தக் குறிகள் வருவதில்லை. இது என் சொந்த ஃபான்ட்டோடு மட்டும் ஓடும் ஏற்பாடு. காலியிடங்களை இப்படி எடுத்துக்கொள்வது ஒருங்குறி விதிக்குப் புறம்பு என்பதால் இந்தப் பகுதியை ராக்பாக்ஸுக்கு அனுப்பப்போவதில்லை. கொம்பை இடம் மாற்றும் பகுதியைத் தனியாகப் பிரித்து அனுப்பலாம், அதைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். முதல்முறை அனுப்புகிறவர்கள் கெரிட்டின் (ராக்பாக்ஸுக்கு வரும் திருத்தங்களைப் பரிசீலிக்கும் தளம்) கமிட் ஹுக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் ஒவ்வொரு கமிட்டிலும் சேஞ்ச் ஐடி என்ற அடையாளத்தைச் சேர்க்கும். சேஞ்ச் ஐடி இல்லாத கமிட்டை கெரிட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

உருக்களைக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது. ட்ரூடைப் ஃபான்ட்டைச் சுருக்கினால் ‘ணு’ வெறும் கறையாகத் தெரிகிறது. பிடிஎஃப் (BDF, பிட்மேப் ஃபான்ட்) கோப்பில் ஒவ்வொரு வரிசையையும் ஹெக்ஸ் எண்ணாகத் திருத்தி, ணகரத்தின் சுழிகளுக்கு நடுவே ஒரு புள்ளி இடைவெளியாவது விட்டுக் கொண்டுவந்தேன். மெய்ப்புள்ளிக்கு ஒரே ஒரு பிக்சல் வைத்தால் சித்தப்பா கண்ணுக்குத் தெரியவில்லை, இரண்டுக்கு இரண்டு வைத்ததும் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் பிளேயரில் ஏற்றிப் பார்க்க வேண்டாம், கான்ஃபிகரில் சிமுலேட்டரைத் தேர்ந்தெடுத்தால் கணினியிலேயே அதே திரை வரும்.

பிளேயரைக் கையில் கொடுத்ததும் சித்தப்பா பட்டனை அழுத்திக்கொண்டே போனார். “தோடி, பைரவி, கேதாரகௌளை... டேய், எல்லாம் நேரா இருக்குடா” என்றார். அடுத்ததில் நின்றுவிட்டார். ஸ்ரீரஞ்சனி. ஸ்ரீக்கு இன்னும் உரு போடவில்லை, க்ஷவுக்கும் இல்லை. தமிழ் எண்களின் இடம் மிச்சம் இருக்கிறது, அங்கே வைத்துவிடலாம். பேட்சை 4.0க்கு மாற்றும்போது அதையும் சேர்த்தே செய்கிறேன். பெங்களூருவில் யாரிடமாவது ஓடாத கிளிப் பிளஸ் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திரையும் பட்டன்களும் நன்றாக இருந்தால் எனக்கு வேண்டும்.