காற்று எந்தப் பக்கம்

ஜூன் 8

டாட்ஜ் சிட்டி, கான்சாஸ், அமெரிக்கா. கிழக்குக் காற்று, மாட்டுப் பட்டி வாசத்தோடு. மாசமாக இருக்கிற மகள் அம்மிணி குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்துவிட்டது. ஜன்னல்களைச் சாத்தி, ஏசியைக் கூட்டி, இவள் ஊதுபத்தி கொளுத்த, அந்தப் புகைக்கே அவளுக்கு மறுபடியும் குமட்ட, கடைசியில் ஊதுபத்தியைப் பின்வாசலில் மண்ணில் குத்திவைத்தேன். அம்மிணிக்குப் பிரஷர் 146/92. குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 9

148/90.

ஜூன் 10

இந்த வாசம் என்னை ஒன்றும் செய்யாது என்றுதான் நினைத்திருந்தேன். கால்நடை ஆய்வாளர் உத்தியோகத்தில் சாணியும் கோமியமும் சட்டையோடு வீட்டுக்கு வரும். இவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் இது வேறு. நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை நெடுஞ்சாலை ஓரத்து மேட்டில் வண்டியை நிறுத்திக் காட்டினார். கண்ணுக்கு எட்டிய மட்டும் பட்டிகள், உள்ளே புல் ஒரு துளிர்கூடக் கிடையாது. நீளத் தொட்டியில் தலையை விட்டு மக்காச்சோளத் தீவனம் தின்கின்றன. பெரும்பாலும் கறுப்பு. ஒன்றுக்கும் திமில் இல்லை, கொம்பு இல்லை. உடம்பு வாகில் குறை சொல்ல வழியில்லை. சதைப்பிடிப்பு நம் ஊரில் கண்காட்சி மாட்டுக்கும் வராது. ஆனால் தட்டும் புல்லும் தின்கிற மாட்டுச் சாணி வேறு, தானியமே தின்கிற மாட்டுச் சாணி வேறு. மூத்திரத்து அம்மோனியா கண்ணைக் கரிக்கிறது.

பட்டியில் கொழுத்ததும் மாப்பிள்ளை வேலை செய்கிற மாதிரியான இறைச்சி ஆலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில். அவர் பொறுப்பு குளிர்பதன இயந்திரங்கள் மட்டும்தான். ஊரில் கேட்கிறவர்களிடம் இவள் ‘ஃபுட் கம்பெனி’ என்று சொல்லிவைத்திருக்கிறாள். காங்கேயம் கொட்டிலில் பொறந்தவ மகளுக்கு இப்படியொரு இடம்.

ஜூன் 12

“ஊட்டுலயே இருந்தீங்கன்னா நிமிசத்துக்கு ஒருக்கா அவ மூஞ்சியவே பாக்கறீங்க. அவளுக்குப் பயமாகுது. எங்காச்சும் போய்ட்டு வாங்க.”

போனேன். வந்ததும் சண்டை.

போன இடம் பூட் ஹில். 1872-இல் டாட்ஜ் சிட்டி உருவானபோது ஊருக்குச் சட்டமும் இல்லை, இடுகாடும் இல்லை. துப்பாக்கிச் சூட்டில் செத்தவன், குளிரில் விறைத்தவன், கேட்க நாதியில்லாதவன் எல்லோரையும் பூட்ஸோடு இந்த மேட்டில் புதைத்தார்கள். 1878 வரை நடந்தது. மறு வருடமே பிணங்களைத் தோண்டி வேறு இடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, மேட்டில் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள். இப்போது சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் கல்லறைகள்? 1930-களில் சிம்ப்சன் என்று ஒரு பல் வைத்தியர், ரோட்டரி மாநாட்டுக்கு வருகிறவர்களைச் சிரிக்கவைக்க, சிமெண்டில் முகங்களும் பூட்ஸ் நுனிகளும் செய்து மண்ணில் நட்டார். சிரிப்புக்கு வைத்தது அப்படியே சரித்திரமாகிவிட்டது. மேட்டில் நிற்கும் மாட்டுக்காரன் சிலையும் அதே பல் வைத்தியர் கைவேலைதான். அது நன்றாக இருக்கிறது, பொய்யில்லாத முகம்.

“புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுலருந்து பொதகாட்டுக்குப் போவாங்களா? உங்களுக்கு இத்தன வயசாச்சு.”

“அங்க ஒரு பொணமும் இல்ல புள்ள. எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டாங்க.”

“தோண்டி எடுத்தது இன்னமும் மோசம்.”

பின்வாசலில் தோட்டக் குழாயைப் பிடித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாகக் கையை ஆட்டினார். அம்மிணி சோபாவில் படுத்தபடி சிரித்தாள். அதுக்காக இன்னும் ரெண்டு குழாய் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

ஜூன் 13

தெற்குக் காற்று. தேவலை.

ஜூன் 15

மேட்டுக்குக் கீழே ஃப்ரண்ட் ஸ்ட்ரீட். சாராயக் கடை, மளிகை, முடிதிருத்தகம் எல்லாம் வரிசையாக, மரப்பலகை முகப்போடு. அசல் தெரு 1885-இல் தீப்பிடித்துப் போயிற்று. பழைய புகைப்படங்களைப் பார்த்து 1958-இல் திரும்பக் கட்டியது இது. அப்போது டிவியில் இந்த ஊர் மார்ஷலைப் பற்றிய தொடர் ஒன்று சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்ததாம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு தெரு வேண்டியிருந்தது. லாங் பிராஞ்ச் சலூன் என்ற சாராயக் கடைக்குள் சர்சப்பரில்லா குடித்தேன். நம் நன்னாரியின் தூரத்துச் சொந்தக்காரன் போல. தித்திப்பு அதிகம்.

சாயங்காலம் துப்பாக்கிச் சண்டை நாடகம். நாலு பேர் செத்து, எழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு குழந்தைகளோடு படத்துக்கு நின்றார்கள். நிஜத்தில் ரயில் தண்டவாளம்தான் எல்லைக்கோடு. அதற்கு வடக்கே துப்பாக்கியோடு வரக் கூடாது. அந்தக் காலத்துக் காவல் அதிகாரிகள் வயட் எர்ப், பேட் மாஸ்டர்சன் பிழைப்பில் பாதி குடிகாரனிடம் துப்பாக்கியைப் பிடுங்கிவைப்பதுதான். கான்சாஸின் 5 மாட்டுச் சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை மொத்தம் 45 கொலைகள் என்று ஒரு வரலாற்றாளர் கணக்கெடுத்திருக்கிறார். அதில் டாட்ஜுக்கு 15. இதற்கா இத்தனை பேரும் புகழும்?

ஜூன் 17

டோரா ஹேண்ட். பாட்டுக்காரி. 1878 அக்டோபர் 4, விடிவதற்கு முன். மேயர் கெல்லி மேல் கோபம் கொண்ட கெனடி என்ற இளவட்டம், டெக்சாஸ் மாட்டுப் பண்ணை முதலாளி மகன், குதிரையில் வந்து மேயர் வீட்டைப் பார்த்துச் சுட்டான். மேயர் அங்கே இல்லை. உடம்பு சரியில்லாமல் ஃபோர்ட் டாட்ஜ் ராணுவ முகாம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் படுத்திருந்தவள் டோரா. தூக்கத்திலேயே போய்விட்டாள். எர்ப், மாஸ்டர்சன் எல்லோரும் துரத்திப்போய்ப் பிடித்தார்கள். மாஸ்டர்சன் சுட்டதில் அவன் கையில் காயம். பிறகு போதிய சாட்சி இல்லையென்று விட்டுவிட்டார்கள்.

“இன்னிக்கு என்ன கதைப்பா?” என்று அம்மிணி கேட்டாள். டோராவைச் சொல்லவில்லை. 1884 ஜூலை 4-ஆம் தேதி மெக்சிகோவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து இந்த ஊரில் காளைச் சண்டை நடத்திய கதையைச் சொன்னேன். நீண்ட கொம்புக் காளைகள். மிருகவதைத் தடுப்புச் சங்கத்தார் எதிர்த்தும் நடந்தது. “அங்கயும் அதே பஞ்சாயத்துதானா” என்றாள்.

ஜூன் 18

தூக்கம் வரவில்லை. இதை எழுதாமல் வராது.

இந்த ஊரை ஆக்கியது துப்பாக்கி இல்லை. உண்ணி.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் டெக்சாஸில் மாடு கொள்ளையாகக் கிடந்தது, விலை இல்லை. 4 டாலர் மாட்டை வடக்கே ரயிலடிக்குக் கொண்டுபோனால் 40. அதனால் ஓட்டினார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் உருப்படிக்கு ஒரு டஜன் ஆள், ஒரு சமையல் வண்டி, நாளுக்குப் பத்துப் பதினைந்து மைல். மாடுகள் நல்ல திடம். ஆனால் அவை நடந்த வழியில் மேய்ந்த கான்சாஸ் விவசாயிகளின் மாடுகள் காய்ச்சல் கண்டு, ரத்தமாக மூத்திரம் போய்ச் செத்தன. கொண்டுவந்த மாட்டுக்கு ஒன்றும் இல்லை! விவசாயிகள் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். அரசாங்கம் ஒரு கோடு கிழித்தது: கோட்டுக்குக் கிழக்கே டெக்சாஸ் மாடு வரக் கூடாது. குடியேற்றம் பெருகப் பெருகக் கோட்டை மேற்கே தள்ளினார்கள். கோடு நகர்ந்தால் சந்தையும் நகரும். அபிலீன் 1867 முதல் 1871 வரை. பிறகு எல்ஸ்வொர்த், விச்சிட்டா. 1875 வாக்கில் கோடு இங்கே வந்து நின்றது, டாட்ஜுக்குப் பத்து வருடம் யோகம். 1885-இல் கான்சாஸ் முழுக்க அடைத்துவிட்டார்கள். அடுத்த ஜனவரிப் பனிப்புயலில் மேய்ச்சல் காட்டு மாடுகள் கும்பல் கும்பலாகச் செத்தன. கதை முடிந்தது.

எதனால் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மாட்டின் எச்சில், குளம்பு, மிதித்த புல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1893-இல்தான் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் நிரூபித்தார்கள், கிருமி ரத்தத்தில், கடத்துவது உண்ணி. பூச்சி வகையறா நோய் பரப்பும் என்பதற்கு அதுவே முதல் அத்தாட்சிகளில் ஒன்று.

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜெர்சி கலப்பினம் வந்த புதிதில் பார்த்தது. காங்கேயம் மாட்டின் மேல் உண்ணி ஏறினாலும் அது பாட்டுக்கு ஏர் ஓட்டும். அதே கொட்டிலில் கலப்பினப் பசு காபி நிறத்தில் மூத்திரம் பெய்து படுத்துவிடும். பெரெனில் ஊசியோடு ராத்திரி ராத்திரியாக ஓடியிருக்கிறேன். கன்றிலேயே லேசாக வந்து தெளிந்த மாடு, நோவைச் சுமந்துகொண்டு தான் நன்றாக இருக்கும்.

அருங்காட்சியகத்தில் சுவர் நிறையத் துப்பாக்கிகள். நான் பொறுப்பாளராக இருந்தால் நடுக்கூடத்தில் ஒரு உண்ணியை வைத்து, மேலே பூதக்கண்ணாடி வைப்பேன்.

ஜூன் 19

காலையில் இவளிடம் உண்ணிக் கதை சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தவள், “அவளச் சொமந்தப்ப எனக்கும் இப்படித்தானே இருந்துச்சு” என்றாள். நான் மாட்டைப் பற்றித்தான் சொன்னேன் என்றால் யார் கேட்கிறார்கள்.

ஜூன் 20

டாக்டர். சிறுநீரில் புரதம், ‘சுவடு’ அளவில். இவள் கேட்டே விட்டாள், தாயிடமிருந்து வருமா என்று. அம்மிணிதான் மொழிபெயர்த்தாள், பாதியில் நிறுத்தி, “அம்மா, இதெல்லாம் எதுக்கு.” குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்றார் டாக்டர். நல்ல மனுஷி. வண்டியில் யாரும் பேசவில்லை.

1878-இல், சூதாட்டத்துக்கும் துப்பாக்கிக்கும் பேர்போன டாக் ஹாலிடே இந்த ஊர்ப் பத்திரிகையில் பல் வைத்திய விளம்பரம் கொடுத்திருக்கிறார்: திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ்.

ஜூன் 22

ஃபோர்ட் டாட்ஜ். ஊருக்குக் கிழக்கே 5 மைல். 1865-இல் போட்ட ராணுவ முகாம். 1890 முதல் முன்னாள் வீரர்களுக்கான இல்லம். சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், மரநிழல். நாற்காலியில் ஒரு தாத்தா வணக்கம் வைத்தார். முகாம் எல்லைக்குள் சாராயம் கூடாது என்பதால்தான், சரியாக 5 மைல் தள்ளி ஒருவன் கூடாரத்தில் பலகை போட்டு விஸ்கி விற்க, அதுவே டாட்ஜ் சிட்டியின் முதல் கடை.

மேயர் கெல்லி எந்தக் கட்டடத்தில் படுத்திருந்தார் என்று விசாரிக்க நினைத்து, விட்டுவிட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். அவர் வீட்டில் படுத்தவள்.

திரும்பும்போது ஆர்க்கன்சஸ் ஆற்றுப் பாலம். சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் வண்டித்தடம். மேலே கொலராடோவிலும் இங்கே கிணறுகளிலும் பாசனத்துக்கு உறிஞ்சியாயிற்று. மக்காச்சோளத்துக்கு. மாட்டுக்கு. அமராவதியைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பாலத்தின் நீளத்தை வைத்தே ஆற்றின் பழைய அகலம் தெரிந்துவிடும்.

ஜூன் 23

கிழக்கு. கிழக்கு. நாள் முழுக்க.

ஜூன் 25

ரயிலடி, 1898 கட்டடம். பக்கத்தில் இரண்டு சூரியக் கடிகாரங்கள், ஒன்று மத்திய நேரம், ஒன்று மலை நேரம். ஒரு காலத்தில் ரயில்காரர்களுக்கு நேரம் மாறும் எல்லை இந்த ஊர். இப்போது ரயில் வருவதே ராத்திரியில்தான். நிழலைப் பார்த்து யாரும் ஏறப்போவதில்லை.

அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டேன். பத்தரை மணி வித்தியாசம், தம்பி அரைத்தூக்கத்தில். சிவன்மலையில் அர்ச்சனைக்குச் சொல்லியாச்சு என்றான். “எத்தன மாசம்ங்ணா?” என்றான். சொன்னேன். “போன தடவையவிடத் தாண்டியாச்சுல்ல” என்றான். அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 27

இவளையும் கூட்டிக்கொண்டு மேற்கே 9 மைல், சான்டா ஃபே என்ற பழைய வியாபாரப் பாதையின் வண்டித்தடம் பார்க்க. அம்மிணிதான் விரட்டினாள், மாப்பிள்ளைக்கு லீவு, அவர் பார்த்துக்கொள்வாராம். வாடகைக் காரில் போனோம். பார்க்க ஒன்றுமில்லை. அதுதான் அழகு. புல்வெளியில் அகலமாகச் சில பள்ளங்கள், ஓடும் மேகநிழலில் மட்டும் தெரிகின்றன. வண்டிகள் ஒன்றின்பின் ஒன்றாகப் போகாமல் பக்கம்பக்கமாகப் போனதால் இத்தனை அகலம். 1821 முதல் ரயில் வரும்வரை ஓடிய பாதை. வேலி கட்டி, டிக்கெட் போட்டு, பொம்மை நிறுத்திக் கெடுக்கவில்லை.

இவள் குனிந்து புல்லைக் கிள்ளி முகர்ந்தாள். “இங்க வாசமே இல்லீங்க” என்றாள். மேற்கில் இருக்கிறோம், காற்று நம்மிடமிருந்து அந்தப் பக்கம் போகிறது என்று விளக்கினேன். “உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்.”

ஜூன் 29

கல் வீடு. ஜான் முல்லர் என்ற ஜெர்மன்காரர், பூட்ஸ் தைப்பவர், 1881-இல் கட்டியது. மாட்டுக்காரர்களுக்குப் பூட்ஸ் தைத்தே இந்த வீட்டைக் கட்டியிருக்கிறார். பிறகு அவரும் மாட்டில் பணம் போட்டு, பனிப்புயலில் இழந்து, 1890-இல் ஒரு கொல்லருக்கு விற்றுவிட்டார். பூட்ஸோடு நிறுத்தியிருக்கலாம். இந்த ஊரில் நான் பார்த்ததிலேயே பொய்யில்லாத கட்டடம் இதுதான்: கட்டிய இடத்திலேயே நிற்கிறது. மாடியறையில் ஒரு தொட்டில் மாதிரி ஏதோ தெரிந்தது. நிற்காமல் இறங்கிவிட்டேன்.

154/98.

ஜூன் 30

158/100. தலைவலி என்கிறாள். கண்ணில் மின்னுவதுபோல் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள். இல்லை என்கிறாள். உண்மையா என்று இவள் கேட்கிறாள், நான் கேட்கிறேன், மாப்பிள்ளை கேட்கிறார். கடைசியில் “எல்லாரும் வெளிய போங்க” என்று கத்திவிட்டாள்.

எத்தனை ஈற்றுக்குக் கன்று இழுத்துப்போட்ட கை இது. பிரஷர் பட்டையைச் சுற்றுவதோடு சரி.

ஜூலை 1

இங்கே வேண்டாம், விச்சிட்டாவுக்குப் போய்விடுங்கள், குறைமாதக் குழந்தையைப் பார்க்கிற வசதி அங்கேதான் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டரை மணி நேரம். நாளை காலை. காலை வரை நன்றாக இருந்தால்.

அம்மிணி கேட்டாள்: “அன்னிக்கு நீங்க சொல்லாம மறைச்ச கதை என்னப்பா? மூஞ்சியிலயே தெரிஞ்சுது.” ஒரு பாட்டுக்காரி இருந்தாள் என்றேன். நன்றாகப் பாடுவாளா? ஊரே அவளுக்காக வருமாம் என்றேன். “அப்பறம்?” அப்பறம் தூங்கு என்றேன்.

ஜூலை 2

3.40. தலைவலி தாங்கவில்லை. 170/108. காலை வரை இருக்கவில்லை, மாப்பிள்ளை போன் பேசிக்கொண்டிருக்கிறார். ஆம்புலன்ஸ் அனுப்புகிறார்களாம், கூட ஒருவர்தான் ஏறலாம். இவள் ஏறட்டும். நானும் மாப்பிள்ளையும் பின்னாலே காரில். ஃபைல், பாஸ்போர்ட், இவள் மாத்திரை டப்பா, சார்ஜர், பிரஷர் நோட்டு எடுத்தாயிற்று. தம்பிக்குச் சொல்ல வேண்டும். இல்லை, போய்ச் சேர்ந்து சொல்லிக்கொள்ளலாம். வாசலில் வெளிச்சம் வருகிறது, கூப்பிடுகிறார்