மாருதி 800: போர்டிகோவில் ஹெட் கழற்றிய கதை

கார்புரேட்டர் வைத்த மாருதி 800-இல் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவது பெரிய வித்தையெல்லாம் இல்லை. 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, மேலே ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதைச் சுற்ற ஒரு பல் பெல்ட், அவ்வளவுதான் இஞ்சின். பானெட்டைத் திறந்தால் எல்லாப் பக்கமும் கை போகும். போல்ட்டைக் கழற்றத் தெரிந்தவர் யாராலும் ஹெட்டை வெளியே எடுத்துவிட முடியும். ஆனால் ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் எதனால் போனது என்று பார்க்காமல் புதிதை வைத்து மூடினால் அடுத்த கோடைக்கு அதே செலவு திரும்ப வந்து நிற்கும். என் வண்டிக்கு அப்படித்தான் ஆனது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட் கேஸ்கெட் மாற்றி அடுத்த ஏப்ரலிலேயே பழையபடி சூடு முள் சிவப்புக்குப் போக ஆரம்பித்தது. அதனால் இந்த முறை நானே இறங்கினேன்.

வண்டி 1997 மாடல், 15 வருடம் தாண்டி ஆர்.சி. புதுப்பித்து ஓடிக்கொண்டிருப்பது. தாம்பரம் பக்கம் வீடு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும், கீழே பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்தால் மூன்று சிலிண்டரும் சேர்ந்து ஓடாமல் உதறும், கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும், அப்புறம் சரியாகிவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து (இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்!) ஸ்டார்ட் செய்தால் உள்ளே குமிழி குமிழியாக வந்தது. சிலிண்டரில் எரிகிற வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன். முதல் சிலிண்டர் 165 பி.எஸ்.ஐ. காட்டியது, இரண்டாவதும் மூன்றாவதும் 110-ஐத் தொடவே திணறின. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு ஒன்றாக இறங்கினால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன், பால் கலந்த மாதிரி இல்லை. தண்ணீர் ஆயிலில் கலக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி.

சாமான்: சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தாள்கள்), வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் கிளாம்ப், நிறைய பனியன் வேஸ்ட். போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் மட்டும் தெரிந்த ஒருவரிடம் இரவல். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். "கை அளவு எனக்குத் தெரியும்" என்று சொல்லும் மெக்கானிக்குக்கு முப்பது வருடக் கை இருக்கும், நமக்கு இருக்காது.

இரவு முழுக்க ஆறிய இஞ்சினில்தான் ஸ்பேனர் வைக்க வேண்டும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் ஹெட் அலுமினியம், நடுவில் மெல்லிசாக ஒரு கேஸ்கெட். சூடான ஹெட்டை அவிழ்த்தால் அது தன்னிஷ்டத்துக்கு வளையும். வண்டி ஓவர் ஹீட் ஆனால் முதலில் கேஸ்கெட்டும் ஹெட்டும் அடிபடுவதும் இந்த விரிவுக் கணக்கால்தான்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு கூலண்டை ஒரு கேனில் பிடித்தேன். தரையில் விடாதீர்கள், அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், தெரு நாய் நக்கினால் செத்துவிடும். அப்புறம் ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் ஹோஸ்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பிளக் ஒயர்கள். இந்த வண்டியில் ஒல்லி ஒல்லியாக வேக்குவம் குழாய்கள் போகும், எது எங்கே என்று மூளையை நம்பாமல் ஒவ்வொன்றிலும் பேப்பர் டேப் ஒட்டி நம்பர் எழுதி போனில் படம் எடுத்துக்கொண்டேன். கழற்றும் போல்ட்களை அந்தந்தப் பாகத்தின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் கவரில் போடுவது அசட்டுத்தனமாகத் தோன்றும், மாட்டும்போது அதன் அருமை தெரியும்.

நேரத்தைத் தின்றது எக்ஸாஸ்ட் பக்கம்தான். சைலன்சர் குழாயை மேனிஃபோல்டோடு பிடிக்கும் நட்டுகள் துருவேறி ஒரே கட்டியாக இருந்தன. துரு இளக்கும் ஸ்பிரேயை முதல் நாள் மாலையே அடித்து ஊறவிட்டு, மறுநாள் காலை கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் அவிழ்த்து, மறுபடி இறுக்கி என்று முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் எடுத்தேன். ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் முறியும், முறிந்தால் அதைத் துளைபோட்டு எடுப்பது தனி வேலை.

பெல்ட்டைத் தொடும் முன் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் சுற்றி முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, கேம் புல்லியின் குறியும் அதன் இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, பெயிண்ட் பேனாவால் என் பங்குக்கும் குறி போட்டுவைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் ஒரு படம். பிறகு டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை உருவிவிடலாம்.

ஹெட் போல்ட்களை அவிழ்ப்பது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு. அவிழ்க்கும்போதும் ஒரே தடவையில் முழுதாக அவிழ்க்காமல் எல்லாவற்றையும் அரைச் சுற்று, இன்னொரு அரைச் சுற்று என்று இறக்க வேண்டும். எல்லாம் வெளியே வந்த பிறகும் ஹெட் அசையாது, ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது இடுக்கில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பத்தான் கை போகும். கூடாது, அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் அப்புறம் தண்ணீருக்கு வழியாகிவிடும். ஒரு மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டினேன், 'டப்' என்று விட்டது. மேனிஃபோல்டைக் கழற்றிய பிறகு ஒரு ஆள் தூக்கக்கூடிய எடைதான்.

கேஸ்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 2-க்கும் 3-க்கும் நடுவில் கரிந்து ஒரு கோடு. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது தண்ணீர்ப் பாதைகளின் நிலைமை. துளைகள் பாதிக்கு மேல் அடைத்து, காபிப்பொடி நிறத்தில் துருச் சேறு, அதன் மேல் வெள்ளையாக உப்புப் படிவம். எங்கள் பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும், அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் இந்த ரேடியேட்டருக்குள்ளும் போயிருக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து ஹோஸால் அடித்தால் ஒரு பக்கம் தண்ணீர் வரவே இல்லை. இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அதன் கூட்டைத் திறந்தேன், உள்ளே ஒன்றுமில்லை. யாரோ தூக்கி எறிந்திருக்கிறார்கள். "வெயில் ஊருக்கு இது எதுக்கு சார்" என்று சொல்லிக் கழற்றுவது நம் ஊரில் ரொம்ப சகஜம். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடி பெட்ரோலைக் குடிக்கும், அடைத்த ரேடியேட்டருக்கோ அது மருந்தும் இல்லை. கடைசியாக ஃபேன். சூடு ஏறினால் ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்சுக்குப் போகும் ஒயர்களை ஒன்றோடொன்று தொடவைத்தால் ஃபேன் ஓடியது, சுவிட்சை வெந்நீரில் போட்டு மல்டிமீட்டர் வைத்தால் எந்தச் சூட்டிலும் இணைப்பு இல்லை. அதாவது சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஃபேன் ஓடாமல் இஞ்சின் வெந்திருக்கிறது. முந்தைய ஒர்க்‌ஷாப் புது கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் பில் போட்டதே தவிர இதில் எதையும் தொடவில்லை.

ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்ய ஒரு முழு மதியம் ஆனது. கிரைண்டரில் மாட்டும் சொரசொரப்பான டிஸ்க் பக்கம் போக வேண்டாம், அதிலிருந்து உதிரும் தூள் ஆயிலோடு கலந்து பேரிங்கை அரித்துவிடும், அலுமினியத்திலும் பள்ளம் விழும். பழைய ஏ.டி.எம். கார்டு, கேஸ்கெட் இளக்கும் ஸ்பிரே, பொறுமை, இவ்வளவு போதும். பிளாக்கின் முகத்தைச் சுரண்டும்போது மூன்று சிலிண்டரிலும் துணி அடைத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் தலையில் இருந்த கரியையும் அப்படியே மென்மையாக எடுத்தேன். சிலிண்டர் சுவரில் விரலால் தடவினால் மேல் விளிம்பில் திட்டு தட்டவில்லை, கோடும் இல்லை. சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., இன்னும் ஓடும்.

பிறகு நேரான இரும்பு ஸ்கேலை ஹெட்டின் மேல் நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதி 0.05 மி.மீ. எனக்கு நடுவில் 0.10 தாள் தாராளமாக நுழைந்தது. லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஃபேஸ் எடுத்துரலாம் சார், நல்லா பளபளன்னு ஆக்கித் தர்றேன்."

"பளபளப்பு வேணாம்ணே, நேரானா போதும். எவ்வளவு எடுக்குறீங்கன்னு மட்டும் அளந்து சொல்லுங்க."

அவர் சிரித்தார், ஆனால் அளந்துதான் எடுத்தார். தேவைக்கு மேல் செதுக்கினால் கம்ப்ரஷன் ஏறி இஞ்சின் தட்ட (நாக்கிங்) ஆரம்பிக்கும், அடுத்த முறை செதுக்க இடமும் இருக்காது. விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் அங்கேயே செய்தார்கள், இல்லை. செதுக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள், விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் காசு தண்டம்.

வால்வு வேலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். ஸ்பிரிங்கை அமுக்கினால் வால்வு லாக் இரண்டு துண்டாக வரும், காந்தம் வைத்து எடுக்காவிட்டால் பறந்து செடித்தொட்டிக்குள் போய்விடும். எந்த வால்வு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும் என்பதால் அட்டைப்பெட்டியில் ஆறு ஓட்டை போட்டுச் செருகிவைத்தேன். கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் மோர் கடைவதுபோல் உருட்டினால் வால்வு முகத்திலும் சீட்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் வரும். வந்ததும் நிறுத்திவிடலாம். பேஸ்ட்டின் மிச்சம் ஒரு துளிகூட இல்லாமல் கழுவி, புது வால்வு சீல் போட்டுப் பூட்டி, பிளக்கையும் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து அதன் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி போர்ட்டில் கசிகிறதா என்று பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் இப்போது குதிரைக் கொம்பு, நான் டீசல் ஊற்றிப் பார்த்தேன். ஐந்து வால்வு பிடித்தது, ஒரு எக்ஸாஸ்ட் வால்வு கசிந்தது. மறுபடி கழற்றி உருட்டியதும் அதுவும் நின்றது.

சாமான் வாங்க சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடுதான். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும் 1983-லிருந்து ஓடிய வண்டி, பாகத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமில்லாததுதான் தொல்லையும்கூட, ஒரே கேஸ்கெட்டை நாலு விலையில் எடுத்து மேஜையில் வைப்பார்கள். ஹெட் கேஸ்கெட்டிலும் டைமிங் பெல்ட்டிலும் மட்டும் விலை குறைந்ததைத் தொடவில்லை. டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச், ரேடியேட்டர் மூடி எல்லாம் புதிது. 0.9 என்று போட்டிருக்கும் அந்த மூடியை யாரும் சட்டை செய்வதில்லை. அது அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், மூடியின் ரப்பர் போனால் 100-லேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்து வெந்நீரில் தொங்கவிட்டு 82 டிகிரி பக்கம் திறப்பதைப் பார்த்த பிறகே மாட்டினேன். ரேடியேட்டர் கோர் மாற்றியது தனிச் செலவு, மொத்தத்தில் பெரிய செலவும் அதுதான்.

திரும்ப மாட்டும்போது ஹெட் போல்ட் துளைகளுக்குள் தண்ணீரோ ஆயிலோ தங்கியிருக்கக் கூடாது. அடியில் திரவம் நின்றால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடமிருக்காது, பிளாக்கே விரிசல் விடலாம். சிரிஞ்சால் உறிஞ்சி, காற்றடித்து, துணி சுற்றிய குச்சியால் துடைத்தேன். கேஸ்கெட்டுக்குப் பசையெல்லாம் வேண்டாம், அப்படியே வைக்கலாம், ஆயில் பாதைத் துளைகள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். போல்ட் மரைகளில் லேசாக ஆயில், பிறகு நடுவிலிருந்து வெளியே, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன டார்க்கை ஒரேயடியாகக் கொடுக்காமல் படிப்படியாக.

பெல்ட்டை மாட்டியதும் டென்ஷனரை இறுக்கும் முன் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிக் குறிகள் மறுபடி சேருகின்றனவா என்று பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று, சேரவில்லை என்றால் பல் தாண்டியிருக்கிறது. டேப்பட்டை (வால்வுக்கு மேல் விட வேண்டிய சின்ன இடைவெளி) சிலிண்டர்கள் எரியும் 1-3-2 வரிசையிலேயே வைத்தேன், ஒரு சிலிண்டர் முடிந்து அடுத்ததற்கு கிராங்க் 240 டிகிரி. லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறும், இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜ் தாளை இன்னொரு முறை விட்டுப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

கூலண்டை ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, மூடியில்லாமல் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். முதலில் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏற செல்ஃப் கொஞ்சம் சுற்றியது, பிறகு பிடித்துக்கொண்டது. குமிழி இல்லை. சூடு முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது, அப்புறம் ஃபேன் தானாக ஓடி, தானாக நின்றது. ஆயிலை மட்டும் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி மாற்றிவிட்டேன், சுரண்டிய வேலையில் எது உள்ளே போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. 800 வைத்திருப்பவர்கள் இதையே பின்பற்றலாம், ஆனால் பெட்ரோல் லைனைக் கழற்றும் முன் அதிலிருக்கும் பிரஷரை இறக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் பீய்ச்சும். சென்சார் ஒயர்களுக்கும் நம்பர் போடுங்கள். 12 வால்வு, ஐந்து கியர் வண்டி என்றால் ஹெட்டே வேறு, கடையில் "800 கேஸ்கெட் செட்" என்று மொட்டையாகக் கேட்காமல் எத்தனை வால்வு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.