டிசைன் தலைவர் மாறினால் கார் எப்போது மாறும்?

ஒரு சொகுசு கார் கம்பெனிக்குப் புது டிசைன் தலைவர் வந்துவிட்டால், அதன் பிறகு வெளிவரும் முதல் காரைக் காட்டி "இது இவர் கைவண்ணம்" என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது முந்தையவர் பெற்ற பிள்ளை. புதியவர் மேடையேறிப் பெயர் சூட்டியிருப்பார், அவ்வளவுதான்.

எல்லாம் காலக்கணக்கு. புது மாடல் ஒன்று முதல் ஓவியத்தில் தொடங்கி ஷோரூம் வந்து சேர நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். வெளித்தோற்றத்தில் இனி யாரும் கைவைக்கக் கூடாது என்று பூட்டுப் போடுவது, உற்பத்தி தொடங்க இரண்டு, இரண்டரை ஆண்டு மிச்சமிருக்கும்போதே நடந்துவிடும். அதன் பிறகு டைகளுக்கு, அதாவது தகட்டை அழுத்தி உருவாக்கும் கனமான அச்சுகளுக்கு, ஆர்டர் போய்விடும். கதவில் ஓடும் ஒரு கோட்டை 5 மில்லிமீட்டர் மேலே தூக்க வேண்டுமென்றால்கூட, டையில் வெல்டிங் வைத்து மேடாக்கி, மறுபடி கடைந்து, மறுபடி மெருகேற்ற வேண்டும். அடுத்த கதவிலும் பின்பக்கத் தகட்டிலும் இதையே திரும்பச் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் கோடு ஒட்டாது.

ஜாகுவாரைப் பார்ப்போம். அதன் டிசைன் தலைவர் ஜெஃப் லாசன் 1999-ல் திடீரென இறந்தபின் அந்த இடத்துக்கு இயான் கேலம் வந்தார். 2001-ல் எக்ஸ்-டைப் வந்தது, 2002-ல் புது எக்ஸ்ஜே வந்தது. இரண்டும் கேலம் பதவியில் இருந்தபோது வந்தவை. இரண்டின் உருவமும் லாசன் காலத்தது. அந்த எக்ஸ்ஜேயின் உடல் முழுக்க அலுமினியம், தொழில்நுட்பத்தில் அந்தக் காலத்துக்கு மிக முன்னே நின்றது. தோற்றமோ 1968-ல் வந்த எக்ஸ்ஜே6-ஐ அப்படியே நினைவூட்டியது. கேலமின் கை முழுசாகத் தெரிந்தது 2005-ல் காட்டப்பட்ட எக்ஸ்கே என்ற இரண்டு கதவுக் காரில்தான். செடானில் அது தெரிய 2007-ன் எக்ஸ்எஃப் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டு ஆண்டு!

எக்ஸ்எஃப் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய கார். அதற்கு முந்தைய எஸ்-டைப்பின் அடித்தளத்தையே திருத்தி அதன்மேல் எழுப்பியது. வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம், இரண்டுக்கும் ஒன்றுதான், 2909 மில்லிமீட்டர். எஸ்-டைப்பில் நான்கு உருண்டை விளக்கு, நீள்வட்ட கிரில், பின்னோக்கிச் சரியும் டிக்கி. எக்ஸ்எஃபில் இரண்டு கதவுக் கூபே போல நீண்டு இறங்கும் கூரை, சாய்ந்த கண்ணாடி, உயர்ந்த டிக்கி. பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே எலும்புக்கூடு என்று யாரும் நம்பமாட்டார்கள். பழைய அடித்தளத்தில்கூட கூரைக் கோட்டையும் கண்ணாடிச் சாய்வையும் மாற்ற அனுமதி கிடைத்தால் ஒரு டிசைன் தலைவர் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே காரில் தோல்வியும் இருக்கிறது. 2007 ஜனவரியில் டெட்ராய்ட்டில் காட்டிய சி-எக்ஸ்எஃப் கான்செப்டில் (கண்காட்சிக்காகச் செய்த முன்னோட்டக் கார்) விளக்குகள் ஒல்லியாக, முறைப்பது போல இருந்தன. விற்பனைக்கு வந்த காரில் அவை உருண்டு பெருத்துவிட்டன. படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் ஏமாந்துபோனார்கள். 2011-ல் பேஸ்லிஃப்ட் எனப்படும் இடைக்கால முகமாற்றத்தில்தான் ஒல்லி விளக்கு திரும்பி வந்தது.

கான்செப்டுக்கும் விற்பனைக் காருக்கும் நடுவே பெரும்பாலும் அடிவாங்குவது இந்த விளக்குதான். அதற்குள் லென்ஸ், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு, சாய்வைச் சரிசெய்யும் மோட்டார் எல்லாம் உட்கார வேண்டும். வாகன விளக்குகளுக்கான ஐ.நா.வின் 48-ஆம் விதிப்படி டிப் விளக்கு (எதிரே வருபவர் கண் கூசாத தாழ்ந்த ஒளி) தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் கீழேயும் 1200-க்கு மேலேயும் இருக்கக் கூடாது. காரின் வெளி ஓரத்திலிருந்து 400 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியும் வைக்கக் கூடாது. பகலில் கார் கண்ணில் படுவதற்காக எரியும் பகல் விளக்குக்கு மட்டும் 250 முதல் 1500 வரை தாராளம். பல கார்களில் மேலே மெல்லிய கோடாகப் பகல் விளக்கும், உண்மையான ஹெட்லைட் கீழே பம்பரில் ஒளிந்தும் இருப்பதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம். வாசகர்கள் "கண் எங்கே, மூக்கு எங்கே" என்று திட்டும் பல முகங்கள் இப்படிப் பிறந்தவைதான்.

சரி, புதியவர் முதல் சில மாதங்களில் உண்மையில் என்ன செய்கிறார்? அடுத்த ஏழெட்டு ஆண்டுக்கான மாடல் அட்டவணையை மேசையில் விரித்து மூன்றாகப் பிரிக்கிறார். பூட்டுப் போட்டாகிவிட்டவற்றில் நிறம், சக்கரம், உள்ளே துணி, தோல், மர வேலை மட்டுமே அவர் கைக்குள் வரும். களிமண் மாடல் நிலையில் இருப்பவற்றில் முகத்தையும் பின்புறத்தையும் திருத்தலாம். கூரையையும் கதவையும் தொட்டால் தேதி தவறும். இன்னும் பொறியியல் அளவுகளே முடிவாகாத கார்கள்தான் அவருக்கு நிஜமான சொத்து. கெட்டிக்காரர்கள் முதல் வகையில் நேரத்தைக் கரைக்காமல் நேரே மூன்றாம் வகைக்குப் போய்விடுவார்கள். வந்த வேகத்தில் பெயர் வாங்கத் துடிப்பவர்கள் நடுவில் இருப்பதன் முகத்தைப் பிடுங்கி வேறு முகம் ஒட்டுவார்கள். பழைய உடலில் புது முகம் வைத்த கார் ஊர்வலத்து முகமூடி மாதிரி தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். பானட் ஒரு பக்கம் இழுக்கும், பம்பர் ஒரு பக்கம் இழுக்கும்.

பேஸ்லிஃப்டில் ஏன் எப்போதும் முன்னும் பின்னும் மட்டும் மாறுகின்றன என்பதும் இதோடு சேர்ந்ததே. பம்பர் பிளாஸ்டிக்; புது அச்சு ஒன்று செய்தால் முடிந்தது. விளக்கு, கிரில் தனித்தனி உதிரிகள். பானட் கொஞ்சம் செலவு. கதவும் பின்பக்கத் தகடும் வேறு கணக்கு: ஒவ்வொரு தகட்டுக்கும் இழுக்க, ஓரம் வெட்ட, துளையிட, விளிம்பு மடக்க என்று நான்கைந்து டைகள் வரிசையாக வேண்டும். அதனால் கதவுத் தகடு மாறியிருக்கிறது என்றால், அந்தத் தலைவருக்கு நிர்வாகக் குழுவில் நிஜமாகவே செல்வாக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் வகையில் சண்டை பேனாவோடு நடப்பதில்லை, அளவுகோலோடு நடக்கும். முன்சக்கர மையத்துக்கும் முன்கதவு தொடங்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, சக்கரம் எவ்வளவு பெரிது, கூரை எவ்வளவு தாழ்வு, சக்கரத்துக்கு முன்னால் மூக்கு எவ்வளவு நீட்டம். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இங்கே எழுத்துப் பிசகாமல் பொருந்தும். நல்ல செடானில் முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே இன்னும் மூன்று சக்கரங்களை நிறுத்தலாம். மொத்த உயரம் ஏறக்குறைய இரண்டு சக்கரம். எக்ஸ்-டைப் ஃபோர்டு மாண்டியோவின் அடித்தளத்தில் நின்றது. எஞ்சின் குறுக்கே கிடந்ததால் முன்சக்கரம் கதவோடு ஒட்டிக்கொண்டது. அதன் மேல் எத்தனை அழகான கிரில் வைத்தாலும் பின்சக்கர டிரைவ் காரின் நிமிர்வு வராது.

மின்சாரக் காரில் இதே சண்டை தரையில் நடக்கிறது. இருக்கைக்குக் கீழே பேட்டரி 10 முதல் 15 சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டால், ஆள் மேலே போகிறார், கூரையும் மேலே போகிறது. அந்தப் பருமனை மறைக்கத்தான் கீழ்ப்பகுதியில் கறுப்புப் பட்டையும் ராட்சதச் சக்கரமும்.

இன்னொரு தவறான எண்ணம், தலைவர்தான் வரைகிறார் என்பது. 2001-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் (கம்பெனிக் குறியீடு இ65), அதன் டிசைன் தலைவர் கிறிஸ் பேங்கிளைத் திட்ட உலகமே ஒன்றுகூடிய கார். டிக்கி மூடி தனியாக ஒரு தொப்பிபோல் மேலே உட்கார்ந்திருந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்துக் கேலி செய்தார்கள், அவரை நீக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டை நடந்தது. அந்தக் காரின் வெளியுருவத்தை வரைந்தவர் ஏட்ரியன் வான் ஹூய்டாங்க், பின்னால் 2009-ல் பேங்கிளின் நாற்காலிக்கே வந்தவர். பேங்கிள் 1992-லேயே பதவிக்கு வந்துவிட்டவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: அவர் பெயர் சந்திக்கு வர ஒன்பது ஆண்டு ஆனது. போட்டிக்கு வரும் பல ஓவியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும், அது நிர்வாகக் குழு, பொறியாளர், விற்பனைப் பிரிவு என்று ஒவ்வொரு கையாக மாறும்போது உருத்தெரியாமல் போகாதபடி காப்பதும்தான் தலைவர் வேலை. எனக்கு அந்த டிக்கி இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அதை உற்பத்திவரை கொண்டுசேர்த்தது சாதாரணக் காரியமில்லை.

பேங்கிள் காலத்து இன்னொரு மாற்றம் தகட்டின் வளைவு. 2002-ல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4-ன் பக்கவாட்டில் குழிவும் புடைப்பும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஓடும். இப்படிப்பட்ட பரப்பைக் கணினியில் வரைவது எளிது, நம்பகமாகப் பார்ப்பது கஷ்டம். அதனால்தான் இன்றும் களிமண் போகவில்லை. இரும்புச் சட்டத்தின் மேல் நுரைக்கட்டி, அதன் மேல் அடுப்பில் ஏறக்குறைய 60 டிகிரிக்குச் சூடாக்கிய களிமண்ணைச் சில சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புவார்கள். மில்லிங் இயந்திரம் முரட்டு உருவத்தைக் கடையும். மிச்சம் கையால் சுரண்டுவது. பிறகு நீட்டினால் நீளும் மெல்லிய படலத்தை ஒட்டி, பெயிண்ட் அடித்த தகடுபோல் பளபளக்கவைத்து, திறந்தவெளிக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். வெயிலில் இருபது, முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் காரின் தோளில், அதாவது கண்ணாடிக்குக் கீழே, ஓடும் ஒளிக்கோடு எங்கே தயங்குகிறது, எங்கே ஒடிகிறது என்று தெரிந்துவிடும்.

அதைத் தாண்டியும், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கெடலாம். கதவில் கூரான மடிப்பு வேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று வையுங்கள். டை இறங்கும்போது அந்தக் கூர்முனைதான் தகட்டை முதலில் தொடும். பிறகு தகடு இழுபடும்போது, தொட்ட இடம் முனையைவிட்டு நழுவும். மடிப்புக்குப் பக்கத்தில் இணையாக ஒரு மெல்லிய தழும்பு விழும். வெறும் தகட்டில் லேசாகத்தான் தெரியும், கறுப்புப் பெயிண்ட் அடித்ததும் பல்லிளிக்கும். தகட்டை டைக்குள் சாய்க்கும் கோணத்தை மாற்றிப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் முனையை மழுக்குவார்கள். அலுமினியம் என்றால் தொல்லை இரட்டிப்பு: இறுக்கமான வளைவில் விரிசல் விடும், அடித்து முடித்தபின் பழைய வடிவத்தை நோக்கி எஃகைவிட அதிகமாகப் பின்வாங்கும். பென்ட்லி சில பாகங்களுக்கு அலுமினியத்தை 500 டிகிரிக்குச் சூடாக்கிக் காற்றழுத்தத்தால் அச்சில் படியவைக்கிறது. அந்தக் கூர்மை சாதாரண பிரஸ்ஸில் வராது. நிதானமான வேலை, அந்த விலையில் விற்கும் காருக்குத்தான் கட்டுப்படியாகும்.

எதிர்த்திசையில் போனவர் புரூனோ சாக்கோ. 1975 முதல் 1999 வரை மெர்சிடிஸ் டிசைன் அவர் கையில். இரண்டே கொள்கை: ஒரே காலத்தில் விற்கும் எல்லா மாடலும் ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டும், புது மாடல் வந்ததால் பழையது கிழடாகத் தெரியக் கூடாது. 1979-ன் எஸ்-கிளாஸ், 1982-ன் 190, 1984-ன் நடுத்தரக் கார் டபிள்யூ124 மூன்றையும் வரிசையாக நிறுத்தினால் உறவு தானாகத் தெரியும். 1995-ல் நான்கு உருண்டை விளக்கோடு வந்த இ-கிளாஸும் அவர் காலத்ததுதான், இரண்டாவது கொள்கை அங்கே உடைந்தது என்பது என் கட்சி. இத்தனை நீண்ட காலம் ஒருவர் கையில் இருந்ததால்தான் அந்தக் கொள்கைக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. ஐந்தாண்டுக்கு ஒரு தலைவர் மாறும் கம்பெனியில் குடும்பச் சாயல் என்பது கிரில் ஸ்டிக்கராகச் சுருங்கிவிடும்.

இப்போது கவனிக்க வேண்டியது ஆடி. மார்க் லிக்டே 2014-ல் அதன் டிசைன் தலைவராக வந்தார். அந்த ஆண்டே புரோலோக் கான்செப்ட், 2017-ல் ஏ8. அவருக்குப் பின் 2024 ஜூனில் வந்தவர் மாசிமோ ஃபிராஸ்கெல்லா, லேண்ட் ரோவர் பள்ளியில் பழகியவர். அந்தப் பள்ளி எதையும் கழித்துப் பார்க்கும் பள்ளி. 2021 ரேஞ்ச் ரோவரில் கதவுக் கண்ணாடியின் அடியில் வழக்கமாக வெளியே தெரியும் ரப்பர் பட்டையைக்கூட உள்ளே ஒளித்துவிட்டார்கள். கண்ணாடியும் தகடும் நேரே சந்திப்பதுபோல் தெரிகிறது. 2025 செப்டம்பரில் ஆடி காட்டிய கான்செப்ட் சி-யிலும் அதே சிக்கனம்: தட்டையான பரப்பு, முகத்தில் அகலமான கிரில்லுக்குப் பதில் செங்குத்தான ஒரு சட்டம், 1936-ன் ஆட்டோ யூனியன் டைப் சி ரேஸ் காரையும் 2004-ன் ஏ6-ஐயும் நினைத்து வைத்தது.

கான்செப்ட் சி போன்ற தாழ்ந்த இரண்டு இருக்கைக் காரில் அந்தச் சட்டம் எடுப்பாக நிற்கிறது. இதையே உயரமான எஸ்யூவியின் முகத்தில் வைக்கும்போது இரண்டு பக்கமும் வெற்றுத் தகடு பரந்து கிடக்கும். அதை எதைக் கொண்டு நிரப்புவார்கள்? முன்னே போகும் வண்டியைக் கவனிக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு முன்னால் உலோகத் தகடோ குரோமோ வரக் கூடாது, ஆக சட்டத்துக்குள் பிளாஸ்டிக் மூடி ஒன்று வேண்டும். அகலமான ஐரோப்பிய நம்பர் பிளேட் வேறு 520 மில்லிமீட்டர். செங்குத்துச் சட்டத்துக்குக் குறுக்கே அதை மாட்டினால் முகம் சிலுவையாகிவிடும், கீழே இறக்கினால் காற்று போகும் வழியை மறிக்கும். தயாரிப்புக் கார் வெளிவரும் நாளில் நான் முதலில் தேடப்போவது அந்த பிளேட்டைத்தான்.